வரப்பிட்ட வல்லுநர் கேரி கில்டால்

பெரிய மாளிகையொன்றைக் காணச் செல்வோர் அதன் மாடத்தின் உயர்ச்சியை வியப்பர். தூண்களின் வேலைப்பாட்டைப் புகழ்வர். ஆயின், அவற்றையெல்லாம் தாங்கி நிலத்தினுள் மறைந்து கிடக்கும் அடித்தளக் கல்லை நினைப்பார் மிகச் சிலரே. கணிப்பொறியின் வரலாற்றிலும் நிலைமை இஃதே. அத்துறையிற் பெருஞ்செல்வம் ஈட்டியோரின் பெயர்களைச் சிறுவரும் அறிவர். அச்செல்வத்திற்கெல்லாம் அடியிற் கிடக்கும் ஒரு கருத்தைச் செயலாக்கிக் காட்டியவரோ கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர். பொறிவல்லார் இவர் பெயரை இன்றும் மதிப்போடு கூறுகின்றனர்.

அக்கருத்து யாது? கணிப்பொறியின் விசையை அழுத்தியபின், திரையில் எழுத்துத் தோன்றுமுன், அதனுள் ஓர் உரையாடல் நிகழ்கின்றது. பொறியின் உறுப்புகள் எவை, நினைவகம் எவ்வளவு, தட்டு எத்தகையது என்னும் செய்திகளைப் பொறியோடு ஒட்டிய ஒரு சிறு நிரல் அறிவிக்கின்றது. பொறியை ஆளவந்த பெருநிரல் அதனைக் கேட்டு நடக்கின்றது. கூறுவோன் ஒன்று கூறக் கேட்போன் பிறிதொன்றாகக் கொள்வானாயின், பொறி நின்றுவிடும். அல்லது, நில்லாமல் நடந்தே நம் கோப்புகளை அழித்துவிடும். பின்னது முன்னதினும் கொடிது. இவ்விருவர்க்கும் இடையே சிறு கணிப்பொறிகளின் உலகில் தெளிவான எல்லை வகுத்தவர் கில்டால். வகுத்த எல்லையைத் திருத்த வேண்டிய நாள் வந்தபோது, இருபக்கத்தாரும் ஒருங்கே மாறினாலன்றி நன்மை விளையாது என்னும் இடர்ப்பாட்டைக் கண்டவரும் அவரே. ஆதலின், அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தைச் சார்ந்த சியாட்டில் என்னும் துறைமுக நகரில், 1942ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் கில்டால் பிறந்தார். அவருடைய முன்னோர் நார்வே நாட்டு வழியினர். பாட்டனார் அந்நகரில் மாலுமிக் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நிறுவியிருந்தார். தந்தையாரும் அப்பள்ளியையே நடத்தி வந்தார். விண்மீன்களின் உயரத்தைக் கருவியால் அளந்து, தடித்த அட்டவணை நூல்களைப் புரட்டி, கூட்டியும் கழித்தும், நடுக்கடலில் தம் கப்பல் நிற்குமிடத்தைக் கண்டறியும் வித்தை அங்குப் பயிற்றப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றினால் அக்கணக்கு முழுவதையும் தானே செய்து முடிக்கும் பொறியொன்று வேண்டுமென்பது தந்தையாரின் நெடுநாட் கனவு. மைந்தரின் மனத்திலும் அக்கனவு பதிந்தது.

அட்டவணையிற் கண்ட எண்ணொன்று பிழைப்பட்டால் மாலுமியின் திறமை பயன்படாது. கடலைப் பற்றி ஏடு கூறுவதும் கடலின் உண்மை நிலையும் ஒத்திருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பிள்ளைப் பருவத்திலேயே கண்டறிந்த ஒருவர், பிற்காலத்தில் பொறியைப் பற்றிய குறிப்பும் பொறியும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் கருத்துச் செலுத்தியது வியப்பன்று.

இளமையில் கில்டால் பாடநூல்களைவிட இயந்திரங்களிலும் மின்கருவிகளிலுமே மிகுந்த நாட்டங் கொண்டிருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் தந்தையாரின் பள்ளியிற் சிலகாலம் ஆசிரியராக இருந்தார். கணித ஆசிரியராதல் வேண்டும் என்னும் விருப்பத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆங்கிருந்த கணிப்பொறி அவருள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. 1967இல் பட்டம் பெற்றார். தம் பள்ளித் தோழியாகிய டாரதி மெக்யூவன் அம்மையாரை இல்லத் துணையாகக் கொண்டார். இவ்வம்மையார் பிற்காலத்தில் அவருடைய தொழிலின் வரவு செலவுகளையும் ஒப்பந்தங்களையும் ஏற்று நடத்தியவர் ஆதலின், இவர் பெயரையும் நாம் மறத்தலாகாது.

கடற்கரைக் கல்லூரியில்

அது வியட்நாம் போர் நிகழ்ந்த காலம். கடற்படைக்குச் செய்யவேண்டிய கடமையைப் போர்க்கப்பலிற் செய்யாமல் வகுப்பறையிற் செய்யும் வாய்ப்புக் கில்டாலுக்குக் கிட்டியது. கலிபோர்னியாக் கரையிலுள்ள மாண்டரே நகரில் கடற்படை மேற்பட்டக் கல்லூரியில் அவர் ஆசிரியராக அமர்ந்தார். 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவருக்குக் கணிப்பொறியியலில் டாக்டர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டில், எழுதப்பட்ட நிரலொன்றில் செய்திகள் எவ்வாறு பாய்கின்றன என்பதை ஆராய்ந்து அதனைச் செம்மை செய்யும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நிரல்களைப் பொறிமொழியாக்கும் கருவிகளை இயற்றுவோர் இன்றும் அம்முறையைக் கற்கின்றனர். கில்டால் வெறுங் கைவினைஞர் அல்லர். கல்வியில் ஆழ்ந்த அறிஞர் என்பதற்கு அக்கட்டுரையே சான்று.

1971இல் இன்டெல் என்னும் கம்பெனியார் 4004 என்னும் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தனர். நகத்தின் அளவேயுள்ள சிலிக்கன் துண்டில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் அமைந்த அச்சில்லு, கணிப்பொறியின் மூளையாகப் பணிபுரிய வல்லது. தந்தையாரின் கனவு நனவாகுங் காலம் வந்ததெனக் கில்டால் மகிழ்ந்தார். சில்லின் வலிமை மிகச் சிறிது. ஆயினும் அவர் தளர்ந்திலர். கல்லூரியின் பெரிய கணிப்பொறியில் அச்சிறு சில்லைப் போலவே நடிக்கும் நிரலொன்றை எழுதி, அதன்வழியே சோதனைகள் நிகழ்த்தினார். அவர்தம் திறமையைக் கண்ட இன்டெல் கம்பெனியார் அவரை அறிவுரையாளராக ஏற்றனர். அவர்களுக்காக அவர் இயற்றிய பி.எல்.எம். என்னும் மொழி, சிறு சில்லுகளுக்கு நிரல் எழுதுவாரின் சுமையைப் பெரிதும் குறைத்தது.

தட்டும் நிரலும்

அக்காலத்தில் எழுதிய நிரலைச் சேமித்து வைப்பதே பெருந்தொல்லை. துளையிட்ட காகிதச் சுருளில் அதனைப் பதிப்பர். மீண்டும் பொறியினுட் செலுத்துவதற்கு நெடுநேரம் காத்திருப்பர். பிளாப்பி எனப்படும் மெல்லிய காந்தத் தட்டு அப்பொழுதுதான் பரவத் தொடங்கியது. ஷூகார்ட் கம்பெனியின் பழைய தட்டுக்கருவி யொன்று கில்டாலின் கைக்கு வந்தது. கருவி வந்ததேயன்றி, அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் மின்னமைப்பு இல்லை. அதனைத் தாமே செய்ய முயன்று தோற்றார். பல்கலைக்கழகத் தோழராகிய ஜான் டோரோட் என்பார் அவ்வமைப்பைச் செய்து உதவினார். 1974ஆம் ஆண்டில், மாண்டரேக்கு அணித்தான பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில் கில்டாலின் இல்லத்துப் பின்புறத்தே, தட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு அச்சிறு கணிப்பொறி வேலை செய்தது. அவ்வியங்குதளமே சிபி-எம் எனப் பெயர் பெற்றது.

கில்டால் அதனை இன்டெல் கம்பெனிக்குக் கொடுக்க முன்வந்தார், அவர்கள் பி.எல்.எம். மொழியை விரும்பினரேயன்றி இதனை வேண்டிலர். ஆதலின், கணவரும் மனைவியுமாகத் தொழில் தொடங்கினர். அண்டங்களுக்கிடையே விரிந்தது என்னும் பொருள் தரும் சொல்லோடு டிஜிட்டல் ரிசர்ச் என அதற்குப் பெயரிட்டனர். முன்னடைச் சொல்லைப் பின்னர் விடுத்தனர். வேலை நடந்த இடமோ அவர்கள் குடியிருந்த வீடே.

வரப்பு வகுத்தல்

இனி, கில்டாலின் தலைசிறந்த செயலைக் கூறுவோம்.

ஒவ்வொரு கம்பெனியாரும் தத்தமக்கு வேண்டியவாறு தட்டுக்கருவியையும் திரையையும் அச்சுக்கருவியையும் அமைத்தனர். ஒருவர் பொறிக்கென எழுதிய சிபி-எம் மற்றொருவர் பொறியில் நடவாது. புதிய பொறி தோன்றுந்தோறும் கில்டால் தம் நிரல் முழுவதையும் புரட்டி, பொறியின் தன்மை எங்கெங்கே கலந்துள்ளதோ அங்கங்கே திருத்த வேண்டியதாயிற்று. ஓரிடம் விடுபடினும் பிழை நேரும். இம்சாய் என்னும் கம்பெனியார் தம் பொறியின் தட்டுகளுக்கு இயங்குதளம் வேண்டுமென நாடியபோது, இத்தொல்லைக்கு ஒரு முடிவு காண அவர் உறுதிகொண்டார்.

நிரலை இரண்டாகப் பிரித்தார். கோப்புகளைப் பெயரிட்டு வைத்தல், தேடல், அழித்தல் முதலிய பொதுப் பணிகள் ஒரு பகுதியில் அமைந்தன. இதனைப் பீடாஸ் என்பர். எல்லாப் பொறிகளுக்கும் இப்பகுதி ஒன்றே. குறித்த பொறியின் தட்டையும் திரையையும் தொட்டு இயக்கும் பணிகள் மற்றொரு பகுதியில் அமைந்தன. இதற்கே பயாஸ் என்று பெயரிட்டார். பொறி மாறினால் பயாஸ் மட்டுமே மாறும். இரண்டுக்கும் இடையே நுழைவாயில்கள் சிலவற்றை வகுத்தார். தொடக்கத்தில் அவை பதினைந்து: பொறியைத் துயிலெழுப்புவதற்கு ஒன்று, விசைப்பலகையில் எழுத்து வந்ததா எனக் கேட்பதற்கு ஒன்று, எழுத்தைத் திரைக்கு அனுப்புவதற்கு ஒன்று, தட்டைத் தெரிவதற்கு ஒன்று, தடத்தைக் குறிப்பதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, ஏனையவும் இத்தகையனவே. வாயில்களின் வரிசை மாறலாகாது. வாயிலுக்கு அப்பால் நடப்பதைப் பற்றி இப்பால் இருப்பவர் கேட்கவேண்டுவதில்லை.

இதனை நம் நாட்டு உழவர்க்குக் கூறின் எளிதில் உணர்வர். இரு நிலங்களுக்கிடையே வரப்பு இருக்குமாயின், ஒருவர் நெல் விதைக்கலாம், மற்றவர் கரும்பு நடலாம். ஒருவர் பயிரால் மற்றவர்க்கு இடையூறில்லை. ஆயின் வரப்பு இருவர்க்கும் பொது. மற்றவர்க்கு அறிவியாமல் அதனை ஒருவர் வெட்டினால், தண்ணீர் எவர் நிலத்தில் நிற்கும் என்பதை எவரும் கூறவொண்ணாது.

இம்சாய் கம்பெனியார் 25,000 டாலர் கொடுத்து உரிமம் பெற்றனர். அதன்பின் பொறி செய்வார் ஒவ்வொருவரும் தத்தம் பயாஸைத் தாமே எழுதிக்கொண்டனர். கில்டாலின் சுமை குறைந்தது. சிபி-எம் நாடெங்கும் பரவியது. ஒருவர் எழுதிய கணக்கு நிரலோ கடித நிரலோ பல கம்பெனியாரின் பொறிகளில் நடந்தது. 1981ஆம் ஆண்டிற்குள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உரிமங்கள் விற்பனையாயின. நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டு வாழலாம் என்னும் நிலையைச் சிறு கணிப்பொறி உலகில் தோற்றுவித்தது அவ்வரப்பே என்று கூறுதல் மிகையன்று.

வரப்பைத் திருத்திய நாள்

வரப்பு வகுத்தல் எளிது. வகுத்த வரப்பைத் திருத்துதலே அரிது. கில்டால் முதலில் எழுதிய பீடாஸ், தட்டு என்றால் ஒரேவகைத் தட்டுத்தான் என்னும் எண்ணத்தில் எழுதப்பட்டது. எட்டு அங்குல அகலமுள்ள அத்தட்டில் 77 தடங்கள். தடமொன்றில் 26 கூறுகள். கூறொன்றில் 128 பைட்டுகள். ஆக மொத்தம் 2,56,256 பைட்டுகள். இவ்வெண்கள் பீடாஸின் உள்ளேயே ஊறிக் கிடந்தன. மேலும், ஒரு கூறைப் படித்தபின் அடுத்த கூறைப் படிக்கப் பொறி ஆயத்தமாகுமுன் தட்டுச் சுழன்று சென்றுவிடும் ஆதலின், கூறுகளை 1, 7, 13, 19, 25, 5 என ஐந்தைந்து கூறு தாண்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வரிசையும் பீடாஸின் உள்ளேயே இருந்தது. பொறியைப் பற்றிய இச்செய்திகள் வரப்புக்கு எப்புறம் இருத்தல் வேண்டுமோ அப்புறம் இல்லை.

சில ஆண்டுகளில் புதுவகைத் தட்டுகள் பெருகின; சிறியனவும் வந்தன; பன்மடங்கு கொள்ளளவு வாய்ந்த கடினத் தட்டுகளும் வந்தன. 1979இல் கில்டால் சிபி-எம்மின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். தட்டின் இயல்பைக் கூறும் எண்களையெல்லாம் பீடாஸினின்றும் எடுத்து, பயாஸில் அட்டவணையாக வைத்தார். தட்டொன்றின் இயல்பை உரைக்கும் அட்டவணை பதினைந்தே பைட்டுகள் கொண்டது. தடத்துக்கு எத்தனை கூறு, எத்தனை பெயர்கள் பதியலாம், தொடக்கத்தில் எத்தனை தடங்களை இயங்குதளத்துக்கென ஒதுக்குவது என்பனவெல்லாம் அதில் அடங்கின. பீடாஸ் தானே ஒன்றையும் ஊகியாது; அட்டவணையைப் படித்து அதன்படி நடக்கும். நுழைவாயில்களும் பதினைந்திலிருந்து பதினேழாயின. தட்டொன்றுக்கு 8 மெகாபைட்டு வரையில், பதினாறு தட்டுகளை ஒரே பீடாஸ் ஆள வல்லதாயிற்று.

ஆயின், இங்கேதான் இடர்ப்பாடு தோன்றிற்று. தட்டைத் தெரியும் வாயில், பழைய பதிப்பில் விடையொன்றும் தருவதில்லை. புதிய பதிப்பில் அது அட்டவணை இருக்கும் இடத்தை விடையாகத் தரவேண்டும். பழைய பயாஸின்மேல் புதிய பீடாஸை ஏற்றினால் யாது நிகழும்? பயாஸ் விடை தராது. சில்லின் பதிவேட்டில் ஏதோ ஓர் எண் எஞ்சி நிற்கும். பீடாஸ் அவ்வெண்ணையே மெய்யான விடையெனக் கொண்டு, நினைவகத்தில் ஆங்குக் கிடக்கும் பொருளற்ற பைட்டுகளைத் தட்டின் இயல்பென நம்பிவிடும். நம்பிப் படித்தால் குழப்பம். நம்பி எழுதினாலோ அழிவு.

கூறுகளை எடுக்கும் வரிசையும் அவ்வாறே. பொறி செய்வாரொருவர் விரைவை நாடிப் புதிய வரிசையை அட்டவணையில் வைப்பாராயின், புதிய தட்டுகள் விரைந்து நடக்கும். பழைய வரிசையில் எழுதிய தட்டுகளோ எழுத்து நிலைகுலைந்த ஏடாகிவிடும். தட்டில் ஒரு கீறலும் இராது. அதிலுள்ள பைட்டு ஒன்றும் மாறியிராது. ஆயினும் வணிகரின் ஓராண்டுக் கணக்கு அவர்க்குப் பயன்படாது. குறிப்பு மாறியது, குறிக்கப்பட்ட பொருள் மாறவில்லை. அதுவே தீங்கின் வித்து.

இவ்விடர்ப்பாட்டுக்குக் கில்டாலின் நிறுவனத்தார் கண்ட வழி பெரிதும் நேரியது. இயங்குதளத்தோடு, அதனை மாற்றியமைக்கும் வழிகாட்டி நூலொன்றையும் அனுப்பினர். ஒவ்வொரு வாயிலும் எதனைப் பெறும், எதனைத் தரும் என்பதை அதில் வரையறுத்தனர். மாதிரிப் பயாஸ் ஒன்றையும் முழுவதுமாக அச்சிட்டுக் காட்டினர். பழைய எட்டு அங்குலத் தட்டின் எண்களையே புதிய அட்டவணையில் வைத்துக்கொண்டால், பழைய தட்டுகள் முன்போலவே படிக்கப்படும். புதிய முறை வந்தது. பழைய ஏடுகளும் வாழ்ந்தன. திருத்தம் செய்வாரின் பெருமை இதில் அடங்கியுள்ளதென நாம் கருதுகின்றோம்.

கைநழுவிய வாய்ப்பு

1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்னும் பெருங் கம்பெனியார் சிறு கணிப்பொறியொன்றை வெளியிடக் கருதி, இயங்குதளத்தை நாடிக் கில்டாலின் இல்லத் தொழிலகத்துக்கு வந்தனர். அன்று காலை கில்டால் தம் சிறு விமானத்தில் வேறொரு வாடிக்கையாளரைக் காணச் சென்றிருந்தார். அவர் விளையாட்டாகப் பறந்து திரிந்தமையால் வாய்ப்பை இழந்தார் என்று ஒரு கதை பின்னாளிற் பரவியது. அவர் சென்றது அலுவலின் பொருட்டே. பிற்பகலில் திரும்பியும் வந்தார். ஐ.பி.எம். கம்பெனியார் நீட்டிய மறைகாப்புப் பத்திரம் ஒருபக்கச் சார்பாக இருந்தமையின், டாரதி அம்மையார் அதிற் கையொப்பமிடத் தயங்கினார். அதன்பின் நிகழ்ந்த பேச்சைக் குறித்து அதில் ஈடுபட்டோரே ஒருமித்துக் கூறிலர். உடன்படிக்கை அன்று கூடவில்லை என்பதே முடிவு.

ஐ.பி.எம். கம்பெனியார் மைக்ரோசாப்ட் நிறுவனத்தை நாடினர். அந்நிறுவனத்தார், சியாட்டில் நகரத்துச் சிறு கம்பெனியொன்று சிபி-எம்மின் அழைப்பு முறைகளைப் பின்பற்றி அமைத்திருந்த இயங்குதளத்தை வாங்கி, திருத்திக் கொடுத்தனர். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் நாள் ஐ.பி.எம். பொறி வெளிவந்தது. கில்டால் தம் வாயில்களின் அமைப்பைப் பிறர் எடுத்தாண்டமை கண்டு முறையிட்டார். அவருடைய இயங்குதளத்தையும் விற்பதாக ஐ.பி.எம். கம்பெனியார் இசைந்தனர். ஆனால் விலை நிர்ணயித்தபோது ஒன்றுக்கு 40 டாலர், கில்டாலினுடையதற்கு 240 டாலர் எனக் குறித்தனர். மக்கள் எதனை வாங்கினர் என்பதை நாம் கூறவேண்டுவதில்லை.

ஈண்டு ஒரு செய்தி சிந்திக்கத் தக்கது. ஐ.பி.எம். பொறியின் பலகையிலேயே பதித்து வைக்கப்பட்ட நிரலுக்குப் பயாஸ் என்னும் பெயரே வழங்கிற்று. விற்பனையில் கில்டால் தோற்றார்; அவர் இட்ட பெயரும் வகுத்த வரப்பும் வெற்றி பெற்றோரின் பொறியினுள்ளும் குடிபுகுந்தன.

பிற்காலம்

இதன்பின் அவர் சோர்ந்து கிடந்தாரல்லர். ஒரே பொறியிற் பல பணிகள் ஒருங்கு நடக்கும் இயங்குதளங்களையும், படங்களைச் சுட்டி ஆளும் ஜெம் என்னும் அமைப்பையும் அவருடைய நிறுவனம் வெளியிட்டது. கலைக்களஞ்சியமொன்றைக் குறுந்தட்டில் அடக்கி 1985இல் வெளியிட்ட முயற்சியிலும் அவர் முன்னின்றார். 1983 முதல் ஏழாண்டுக் காலம் தொலைக்காட்சியில் கணிப்பொறியைப் பற்றிய நிகழ்ச்சியொன்றைத் தோழரோடு நடத்தினார். தம் போட்டியாளரின் பொருளையும் நடுநிலை வழுவாமல் ஆராய்ந்து விளக்கும் ஆசிரியத் தன்மை ஆங்கு விளங்கிற்று. 1991இல் அவருடைய நிறுவனத்தை நாவெல் கம்பெனியார் வாங்கினர்.

செல்வம் இருந்தது, ஆயினும் உள்ளத்தில் ஒரு புண் ஆறாதிருந்தது. தம் வாழ்நாட் பணியனைத்தும் ஒரு நாட்காலையின் பொய்க்கதையாகச் சுருக்கப்பட்டது அவரை வருத்தியது. தம் நினைவுகளை நூலாக எழுதினார். அவர் வாழ்நாளில் அது வெளிவரவில்லை. அதன் ஒரு பகுதி 2016இல் உலகினர்க்குக் கிடைத்தது. 1994ஆம் ஆண்டு ஜூலை மாதம் மாண்டரேயில் தலையில் அடிபட்டு, 11ஆம் நாள் தம் 52ஆம் வயதில் உயிர்நீத்தார். சியாட்டிலில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2014இல் உலக மின்பொறியாளர் சங்கத்தார், பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் இருந்த இல்லத்தின் வாயிலில் நினைவுப் பலகை பதித்தனர்.

இன்றைய வரப்பு

கில்டால் கண்ட இடர்ப்பாடு அவரோடு மறைந்துவிடவில்லை. 1991இல் தோன்றிய லினக்ஸ் என்னும் கருநிரல் இன்று கைப்பேசி முதல் பெருங்கணிப்பொறி வரை எண்ணிறந்த பொறிகளை ஆள்கின்றது. அக்கருநிரலின் உள்ளே ஒவ்வொரு பலகையின் இயல்பையும் எழுதி வைத்தமையால், ஒருகாலத்தில் அது பெருங்காடாக வளர்ந்தது. குறிப்பாக, ஏ.ஆர்.எம். சில்லுகளின் பகுதி 2011ஆம் ஆண்டளவில் தாங்கவொண்ணாத நிலை எய்தியது. ஆதலின், பலகையின் இயல்புகளைக் கருநிரலினின்றும் பிரித்து, டிவைஸ் ட்ரீ எனப்படும் கிளைவிட்ட அட்டவணையில் எழுதும் முறையை அப்பகுதியாரும் மேற்கொண்டனர். இம்முறை கில்டாலின் கையினின்று நேரே வந்ததன்று. 1994இல் வரையறுக்கப்பட்ட ஓப்பன் பர்ம்வேர் என்னும் வேறொரு மரபினின்று வந்தது. எனினும், பதினைந்து பைட்டு அட்டவணையில் கண்ட நெறியே ஈண்டும் காணக்கிடக்கின்றது.

இன்று வரப்பினருகே நிற்போர் இருவரல்லர், மூவர். பொறியோடு ஒட்டி அதனைத் துயிலெழுப்பும் பர்ம்வேர் ஒருவர். பொறியின் இயல்பை உரைக்கும் அட்டவணை ஒருவர். அதனைக் கேட்டு ஆளும் கருநிரல் ஒருவர். பர்ம்வேரின் புதிய பதிப்பு, நினைவகத்தில் ஒரு பகுதியைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கின்றது என வைத்துக்கொள்வோம். அட்டவணையில் அச்செய்தி ஏறாவிடில், கருநிரல் அவ்விடத்தை வெற்றிடமெனக் கருதி அதில் எழுதிவிடும். அட்டவணை முன்னரே மாறிப் பர்ம்வேர் மாறாதிருப்பினும் தீங்குண்டு. பர்ம்வேர் செய்யாத பணியைச் செய்ததாகக் கருநிரல் நம்பிவிடும். மூவரும் ஒரே நாளில் மாறுவரோ எனின், மாறார். ஒருவரைப் பொறி செய்தவர் பேணுகின்றார், மற்றவரைப் பல நாட்டு நிரலர் பேணுகின்றனர். வாங்கியவரோ மூன்றில் ஒன்றை மட்டும் புதுப்பித்து, ஏனையவற்றைப் பழையபடியே விட்டுவிடுகின்றார்.

ஆதலின் அந்நிரலர் ஒரு முறையைக் கைக்கொள்கின்றனர். அட்டவணையிற் புதுச்சொல் சேர்ப்பதாயின், அச்சொல்லின் பொருளை முதலில் எழுத்தில் வரையறுத்துப் பலரும் ஆராய்ந்து இசைதல் வேண்டும். அடுத்து, கருநிரல் புதுச்சொல்லைக் கற்க வேண்டும், பழஞ்சொல்லையும் மறத்தலாகாது. பழைய அட்டவணையோடு புதிய கருநிரல் நடந்தே தீரவேண்டும் என்பது அவர்தம் கட்டளை. அதன்பின்னரே அட்டவணை மாறும். புதிய பர்ம்வேர் இல்லாதவிடத்துப் பழைய வழியிலேயே நடக்கும் ஏற்பாடும் வேண்டும். இவ்வாறு முன்பின் முறை தவறாது செய்யும் மாற்றம் எவர் கண்ணிலும் படுவதில்லை. பொறி நேற்றுப்போல் இன்றும் எழுகின்றது. கண்ணிற் படாமையே அதன் சிறப்பு.

முடிவுரை

கில்டாலின் வாழ்க்கையை ஆராயும்போது நமக்கு இரண்டு உண்மைகள் தோன்றுகின்றன. ஒன்று, அறிவை அதற்குரிய இடத்தில் வைத்தல். தட்டைப் பற்றிய அறிவு தட்டின் அருகே இருத்தல் வேண்டும். அதனைத் தன்னுள் மறைத்துக்கொண்ட நிரல், தட்டு மாறிய அன்றே பொய்யுரைக்கத் தொடங்கும். மற்றொன்று, எல்லை என்பது இருவர்க்கிடையே எழுந்த உடன்பாடு என்பது. பொறிகளுக்கிடையே அவர் அமைத்த உடன்பாடு ஐம்பதாண்டுகளாக உருமாறி வாழ்கின்றது. மனிதர்க்கிடையே ஒரு நாள் கூடாமற்போன உடன்பாடோ அவர்தம் பிற்காலத்தை வருத்தியது. இரண்டாவது தோல்வியைக் கொண்டு முதலாவது வெற்றியை அளத்தல் நேர்மையாகாது.

மாலையில் விசையை அழுத்திக் கணிப்பொறியின் திரை ஒளிரக் காத்திருக்கும் அச்சில நொடிகளில், பொறி தன்னைப் பற்றிக் கூறுகின்றது, கருநிரல் கேட்கின்றது. அவ்வேளையில், கடற்கணக்கு ஆசிரியரின் மைந்தராய்ப் பிறந்து, அட்டவணையும் பொருளும் ஒத்திருக்கப் பாடுபட்ட அவ்வறிஞரை நாம் ஒருமுறை நன்றியோடு நினைத்தல் தகும்.